பாடு நிரப்ப வைத்த நாற்று

கொடைக்கானல் பஜாரிலிருந்து மலைக் கிராமமான கவுஞ்சிக்கு மூட்டை மூட்டையாகக் கல்லுப்பு ஏற்றிப் போகிற ஆள் நான் ஒருத்திதான். உப்பு விற்கிற கடைக்கார பாய்க்கு அது பெரிய புதிர். முதல் தடவை ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த தடவை, "ஏம்மா, ஊறுகாய்க் கம்பெனி எதுவும் போட்டிருக்கீங்களா?" என்றார். அதற்கும் அடுத்த தடவை, "கவுஞ்சிக்குக் கடல் வந்துருச்சா? கருவாடு போடுறீங்களா?" என்று கேட்டுவிட்டு அவரே சிரித்துக்கொண்டார்.

"செடிக்கு ஊத்துறதுக்கு, பாய்" என்றேன்.

சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. "உப்பையா? செடிக்கா? அது என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

இந்தக் கேள்வியை என்னிடம் கேட்காதவர்கள் குறைவு. என் பிழைப்பே அதுதான். நல்லா இருக்கிற செடிக்கு உப்புத் தண்ணீர் ஊற்றி, எது சாகிறது, எது பிழைக்கிறது என்று பார்க்க வேண்டும். பிழைத்ததன் விதையை எடுத்து விதைத்து, அதற்கும் உப்பு ஊற்ற வேண்டும். சொல்லும்போது எனக்கே கொலைகாரி மாதிரித்தான் தோன்றுகிறது. ஆனால் உப்பைத் தாங்குகிற பயிரைத் தேடுகிறவளுக்கு இதைவிட நேரான வழி கிடையாது. பாயிடம் இவ்வளவும் விளக்க நேரமில்லை. ஜீப் டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

நான் வேலை செய்வது தக்காளியில். எங்கோ கடலோரப் பாறை இடுக்குகளில் தானாக முளைக்கிற காட்டுத் தக்காளி ஒன்று இருக்கிறது. பழம் சுண்டைக்காய் அளவுகூட இருக்காது, வாயில் போட்டால் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒன்றும் இல்லை. ஆனால் அதன் வேருக்கு ஒரு சாமர்த்தியம் உண்டு. உப்பில் பெரும்பகுதியை வாசலிலேயே நிறுத்திவிட்டுத் தண்ணீரை மேலே அனுப்பும். தப்பி வருகிற உப்பையும் இளம் இலைக்குப் போகவிடாமல் வழியிலேயே ஓரங்கட்டும். நம்மூர் நாட்டுத் தக்காளிக்கு ருசி உண்டு, புளிப்பு உண்டு, ரசத்துக்கு அதை விட்டால் வேறு ஆள் இல்லை. இந்தச் சாமர்த்தியம் மட்டும் இல்லை. இரண்டையும் கலந்து, பிறந்ததை மறுபடி நாட்டுத் தக்காளியோடு கலந்து, இப்படியே சில தலைமுறை போனால், பழம் நம்மூர்ப் பழமாகவும் வேர் கடலோர வேராகவும் உள்ள பிள்ளை ஒன்று பிறக்கும். அது எந்தப் பிள்ளை என்று நெற்றியில் எழுதியிருக்காது. மரபணுவைப் படித்துச் சொல்கிற பரிசோதனைகள் இருக்கின்றனதான். ஆனால் இந்தக் குணத்துக்குப் பின்னால் எந்தெந்த மரபணுக்கள் சேர்ந்து நிற்கின்றன என்பது எங்களுக்கு இன்னும் முழுசாகப் பிடிபடவில்லை. பிடிபடுகிற வரைக்கும் உப்பு மூட்டைதான் சோதனைச்சாலை.

இதைக் கீழே, வெயில் ஊரில் செய்தால் என்ன என்று கேட்பார்கள். கோடையில் அங்கே இரவுகூடக் கொதிக்கும். தக்காளிப் பூ பிஞ்சு பிடிக்காமல் உதிர்ந்துவிடும். கவுஞ்சியில் அதே மாதங்களில் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, பிளாஸ்டிக் குடிலுக்குள் உட்கார்ந்து, பூவுக்குப் பூ மகரந்தம் தொட்டு வைக்கலாம். ஒரு வருசத்தில் ஒரு தலைமுறை கூடுதலாகக் கிடைக்கும். குளிரில் உப்பின் கொடுமை கொஞ்சம் குறைவு என்பதால் உப்பைக் கூட்டிப் போடுவேன், அவ்வளவுதான் வித்தியாசம். எங்கள் குடில் படிக்கட்டு வயல்களில் ஒன்றில், மேலே கேரட்டும் கீழே பூண்டுமாக நடுவில் இருக்கிறது.

குடிலில் வேலை செய்கிறவர்கள் கவுஞ்சிப் பெண்கள். அவர்களுக்குத் தலைமை ஓர் அம்மாள். எனக்கு எந்த உறவும் இல்லை, ஆனாலும் மதினி என்றுதான் கூப்பிடுவேன். முட்டைக்கோஸ் நாற்று நடுவதில் மதினியின் கூட்டத்துக்கு மலையெங்கும் பேர். பூம்பாறையிலிருந்தெல்லாம் ஆள் தேடி வருவார்கள். நான் முனைவர் பட்டம் வாங்கியிருக்கிறேன் என்று யாரோ சொன்னதிலிருந்து என்னை டாக்டரம்மா என்றே கூப்பிடுகிறார்கள். மூட்டு வலிக்கு மாத்திரையும் கேட்கிறார்கள். நான் தக்காளிக்கு மட்டும்தான் டாக்டர் என்று சொன்னால், "அதுக்கும் வெசந்தானே குடுக்குறீக" என்பார் மதினி.

இந்த ஆராய்ச்சியெல்லாம் யாருக்காக என்று மேடையில் கேட்டால் உழவர்களுக்காக என்று சொல்வேன். பொய்யில்லை. ஆனால் மனசில் நிற்கிற முகம் என் அக்காவுடையது. பழனிக்குக் கீழே, மலையைப் பார்த்தபடி அவளுக்கும் மச்சானுக்கும் தோட்டம் இருக்கிறது. மழை ஏமாற்ற ஏமாற்ற போர் ஆழமாகிக்கொண்டே போனது, ஆழம் போகப் போகத் தண்ணீர் உப்பாகிக்கொண்டே வந்தது. வாய்க்கால் ஓரமெல்லாம் வெள்ளையாகப் பூத்துக் கிடக்கும். முதலில் அவரைக்காய் போனது. பிறகு வெங்காயம். பிறகு தக்காளி. நட்ட சில நாளில் இலை ஓரம் கருகி, ஒவ்வொன்றாகத் தலை சாயும். பக்கத்துக் காட்டுக்காரர் குடும்பத்தோடு வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூர் பனியன் கம்பெனிக்குப் போய்விட்டார்.

போன கோடையில் நான் முக்கியமான தலைமுறைக்கு உப்பு ஊற்ற ஆரம்பித்த அதே வாரம், அக்கா போன் செய்தாள்.

"நானும் ஒன் மச்சானும் திருப்பூருக்குப் போறதுன்னு முடிவு பண்ணியாச்சு. சும்மா சொல்லிவைப்போம்னுதான் கூப்பிட்டேன்."

"சும்மா சொல்ற விசயமா இது? யாரைக் கேட்டு முடிவு பண்ணுன?"

"உன்னைக் கேட்டு முடிவு பண்ண நீ என்ன எனக்கு மாமியாளா?"

எங்கள் குடும்பத்துக் கோபம் அப்படி. போனில் அடங்காது. நேரில் போனால்தான் ஒரு வழிக்கு வரும். மதினியைக் கூப்பிட்டுக் குடிலை ஒப்படைத்தேன். நீளத் தொட்டிகளில் மணலும் தேங்காய் நார்த் தூளும் நிரப்பி, விதையை நேரே அதில்தான் போட்டிருந்தேன். எல்லாம் முளைத்து விரல் உயரத்துக்கு மேல் வளர்ந்திருந்தன. ஓரத்தில் தனியாக ஒரு தட்டு நாற்று, அதே விதைதான். அதற்கு மட்டும் நல்ல தண்ணீர். உப்பு குடித்ததையும் குடிக்காததையும் ஒப்பிட்டுப் பார்ப்பதற்காக வைத்தது.

"மதினி, தொட்டிக்கெல்லாம் நீல டிரம்மில இருக்கிற உப்புத் தண்ணியை மட்டும் ஊத்துங்க. செடி வாடும். பாவம்னு நல்ல தண்ணியை ஊத்திராதீங்க. உங்களைக் கையெடுத்துக் கும்பிடுறேன்."

"ஊத்த மாட்டோம் தாயி. நீங்க வெரசா போயிட்டு வெரசா வாங்க."

அக்கா வீட்டு வாசலைத் தாண்டியதும் முதலில் கண்ணில் பட்டது புத்தம் புதிய பயணப் பை. பழனி பஜாரில் வாங்கியது. கடைக்காரர் உள்ளே திணித்து வைத்த காகிதம்கூட எடுக்காமல் அலமாரி மேல் இருந்தது. அன்றைக்கு நாங்கள் போட்ட சண்டையில் மச்சான் எழுந்து மாட்டுக் கொட்டகைக்குப் போய்விட்டார். கத்தி ஓய்ந்த பிறகு அக்கா கேட்டாள்.

"சரி, நீதான் பெரிய ஆளாச்சே. இந்தத் தண்ணியில நிக்கிற தக்காளி எப்பத் தருவ?"

"வர்ற தைக்குத் தர்றேன்."

வாயிலிருந்து வந்துவிட்டது. வந்த பிறகு யோசித்துப் பார்த்தேன், முடியும் என்றுதான் தோன்றியது. வீம்புக்குச் சொன்னதில்லை. அந்தத் தலைமுறையில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இருந்தது.

"தை வரைக்கும் இருக்கோம்" என்றாள் அக்கா. "நீ தர்ற நாத்து என் தண்ணியில நின்னா நானும் நிக்கிறேன். இல்லைன்னா பையைத் தூக்கிருவேன். அப்புறம் வந்து ஒப்பாரி வைக்கக் கூடாது."

உடனே கிளம்பியிருக்க வேண்டியது. மச்சானுக்குக் காய்ச்சல் கண்டு, ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாக அலைந்ததில் நாள் ஓடிவிட்டது. நான் மலை ஏறிக் கவுஞ்சியில் இறங்கியபோது மனசெல்லாம் தொட்டிகளில்தான் இருந்தது. பாதிக்கு மேல் செத்திருக்கும், அதற்குத் தயாராகத்தான் போனேன்.

குடில் கதவைத் திறந்தேன். ஒன்றுகூடச் சாகவில்லை.

வரிசைக்கு வரிசை பச்சை. ஓர் இடைவெளி இல்லை. ஐயோ சாமி என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். இப்படி நடக்காது, நடக்கவே நடக்காது என்று படித்த படிப்பு சொன்னது. நடந்திருக்கிறதே என்று கண் சொன்னது. நான் கண்ணை நம்பினேன். சிக்னல் கிடைக்கிற மேட்டுக்கு ஓடிப் போய் அக்காவைக் கூப்பிட்டு, "ஜெயிச்சுட்டோம்! அந்தப் பையைத் தூக்கிப் பரண்ல போடு!" என்று கத்தினேன். அக்கா மூக்கை உறிஞ்சுகிற சத்தம் மட்டும் கேட்டது. எங்கள் அக்கா லேசில் அழுகிற ஆள் இல்லை.

மேட்டிலிருந்து இறங்கி வந்தால் மதினியும் கூட்டமும் குடில் வாசலில் நின்றார்கள். எல்லோர் முகத்திலும் ஒரு பெருமிதம்.

"எப்படி இருக்கு டாக்டரம்மா? பாத்தீகளா?"

"பிரமாதம் மதினி! ஒண்ணுகூடச் சாகலையே!"

"சாகாம என்ன, ஏகப்பட்டது செத்துச்சு. செத்த எடத்துல எல்லாம் பாடு நிரப்பி விட்டுட்டோம்ல."

பாடு நிரப்புவது என்றால், நட்ட பயிரில் செத்துப்போன இடத்துக்கு வேறு நாற்று வைப்பது. உலகத்தில் எந்த உழவரும் செய்கிற காரியம்தான். வயலில் அது நல்ல பழக்கம். என் தொட்டியில் அது சர்வநாசம். எது செத்தது என்பதுதான் எனக்கு வேண்டிய ஒரே செய்தி. அந்தக் காலி இடத்தைப் பார்க்கத்தான் மூட்டை மூட்டையாக உப்பு சுமந்தேன்.

"எதை எடுத்து நட்டீங்க?" என்று கேட்டேன்.

"அந்தா ஓரத்துல தட்டுல நாத்து சும்மாதானே கெடந்துச்சு. அதைத்தான். நட்ட புள்ளைக்கு உப்புத் தண்ணி ஆகாதுல்ல, அதனால உசுருத் தண்ணி மட்டும் நல்ல தண்ணியா விட்டோம். மத்தபடி நீங்க சொன்ன டிரம்தான். சொன்ன சொல்லைத் தாண்டலை."

நட்ட நாற்று வேர் பிடிக்க விடுகிற முதல் தண்ணீருக்கு உயிர்த் தண்ணீர் என்று பெயர். அதையும் விட்டிருக்கிறார்கள். உப்பும் கழுவிப் போயிற்று. ஒப்பிட வைத்த தட்டும் ஏறக்குறையக் காலி.

நான் கத்தினேன். கவுஞ்சி முழுக்கக் கேட்டிருக்கும். யாரைக் கேட்டு நட்டீர்கள், யார் நடச் சொன்னது, நான் என்ன முட்டைக்கோஸா போட்டிருக்கிறேன், இத்தனை மாத உழைப்பும் மண்ணாய்ப் போச்சே என்று வாய்க்கு வந்ததையெல்லாம் பேசினேன். மதினி மட்டும் முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏந் தாயி, நாங்க நிக்கிற எடத்துல சொட்டை விழுந்து கெடந்தா பாக்குறவுக என்ன சொல்லுவாக? இந்தக் கூட்டம் பாத்த தோட்டமா இதுன்னு காறித் துப்ப மாட்டாக? நல்ல தண்ணி ஊத்தாதீகன்னீக, வாடுன செடிக்கு ஊத்தலை. பாடு நிரப்பாதீகன்னு ஒரு வார்த்தை சொன்னீகளா?"

சொல்லவில்லைதான். அப்படி ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கும் என்று எனக்கு எப்படித் தெரியும்? விடுவிடுவென்று நடந்து பஸ் நிற்கிற இடத்து டீக்கடையில் போய் உட்கார்ந்தேன்.

டீ கையில் ஆறிக்கொண்டிருந்தது. மறுபடி எல்லாத் தொட்டிக்கும் உப்பு ஊற்றினால் என்ன என்று யோசித்தேன். ஆகாது. உண்மையிலேயே உப்பைத் தாங்கிய செடிகள் அத்தனை நாள் மல்லுக்கட்டிக் களைத்திருக்கும். புதிதாக வந்தவை நல்ல தண்ணீரில் கொழுத்தவை. இன்னொரு முறை உப்பு ஊற்றினால் நல்லது செத்து, இரவலாக வந்த நாற்று பிழைத்தாலும் பிழைக்கும். புது விதை போட்டு முதலிலிருந்து ஆரம்பித்தால் தை போய்விடும். தை போனால் அக்காவும் போய்விடுவாள். இதில் நான் போன் வேறு செய்து தொலைத்திருக்கிறேன்.

டீக்கடைக்கு எதிர் வயலில் யாரோ முட்டைக்கோஸ் நாற்று நட்டுக்கொண்டிருந்தார்கள். வேடிக்கை பார்ப்பது தெரியாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டை விரலால் ஒரு குழி, நாற்றை உள்ளே இறக்கு, சுற்றி ஒரு அழுத்து. அடுத்தது. நாற்றின் தண்டே வெளியே தெரியவில்லை. இலைக் கொத்து மட்டும் மண்ணில் உட்கார்ந்திருந்தது.

டீயை வைத்துவிட்டு எழுந்தேன். கடைக்காரர் பின்னால் கூப்பிட்டது கேட்டது. நிற்கவில்லை.

"மதினி, அந்தத் தட்டுல ஒண்ணு ரெண்டு மிச்சம் இருக்கும். ஒரு நாத்தை நட்டுக் காட்டுங்க."

"எதுக்கு? மறுபடி வையிறதுக்கா?"

"வையல. சத்தியமா வையல. அன்னைக்கு நட்டீங்கள்ல, அதே மாதிரி நடுங்க."

நம்பாமல் பார்த்துக்கொண்டே நட்டார். கட்டை விரல் குழி. நாற்று உள்ளே போனது, கழுத்து வரைக்கும். சுற்றி மண்ணை அழுத்தினார்.

"இம்புட்டு ஆழமாவா?"

"பெறகு? நம்ம ஊருக் காத்துக்கு ஆட வேணாமா? கழுத்து வரைக்கும் மண்ணு இருந்தாத்தான் நிக்கும். கோஸ் நடுற கைக்கு வேற எப்படி வரும்?"

நான் முழங்கால் போட்டுத் தொட்டியோரம் உட்கார்ந்தேன். எந்தத் தக்காளி விதை முளைத்தாலும் முதலில் இரண்டு நீள இலை வரும், வித்திலை என்போம். பிற்பாடு அது உதிர்ந்தாலும் தண்டில் தழும்பு இருக்கும். நான் விதையை நேரே தொட்டியில் போட்டவள். ஆகவே என் செடிகளுக்கு அந்த வித்திலை மண்ணுக்கு மேலே இரண்டு விரற்கடை உயரத்தில் இருக்க வேண்டும். மதினியின் கை நட்டதற்கு அது மண்ணுக்குள் புதைந்திருக்க வேண்டும்.

முதல் செடியின் அடியைத் தடவினேன். தண்டு நேரே மண்ணுக்குள் போனது, தழும்பு இல்லை. இரண்டாவதும் அப்படியே. மூன்றாவதும். நான்காவதில் இருந்தது! இரண்டு விரற்கடை உயரத்தில், ஓரம் காய்ந்த இரண்டு வித்திலை, தொட்டால் உதிர்கிற மாதிரி. அது என் செடி. உப்பைக் குடித்துவிட்டு நிற்கிற செடி.

"இருக்குடா!" என்று கத்தினேன்.

"இந்தம்மா எப்பக் கத்துது எதுக்குக் கத்துதுன்னே தெரியல" என்று பின்னால் ஒரு குரல் சொன்னது. கூட்டம் சிரித்தது. எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

அன்றைக்கு முழுக்கத் தொட்டி தொட்டியாகத் தடவினேன். கழுத்து வரை புதைந்ததையெல்லாம் பிடுங்க வேண்டும் என்றபோது மதினி மாட்டேன் என்றுவிட்டார். நட்ட கையால் பச்சைப் பயிரைப் பிடுங்க வராதாம். நானே பிடுங்கினேன். பிடுங்கியதை அவர்கள் கீழே விழவிடவில்லை. ஈரச் சாக்கில் சுருட்டி ஆளுக்குக் கொஞ்சமாக வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பொழுது சாய்ந்தபோது தொட்டிகள் மொட்டையாகக் கிடந்தன. அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில செடிகள், குட்டையாக, இலை தடித்து, பார்க்க லட்சணமே இல்லாமல் நின்றன. எனக்கு அவற்றைக் கட்டிப்பிடித்துக் கொஞ்ச வேண்டும் போலிருந்தது.

மறுநாள் வெள்ளனே மேட்டுக்குப் போய் அக்காவிடம் உள்ளதைச் சொன்னேன். நேற்றுச் சொன்னது தப்பு, நிற்பது கொஞ்சம்தான், ஆனால் நிற்பது நிஜமாகவே நிற்கிறது என்றேன்.

"பையை இன்னும் பரண்ல ஏத்தலடி" என்றாள். "தை வரைக்கும்னு சொல்லிட்டேன், இருப்பேன். நீ ஒழுங்கா பாரு."

அந்தச் சில செடிகள் பூத்தன, காய்த்தன. செடிக்கொரு பொட்டலமாக விதை பிரித்து, தொட்டிக்கொரு செடியின் பிள்ளைகளாக மறுபடி விதைத்தேன். மறுபடி உப்பு. இந்தத் தடவை எங்கும் போகவில்லை. சில தொட்டிகளில் கால்வாசி போனது, சிலவற்றில் பாதி. இரண்டு தொட்டிகளில் மட்டும் ஒன்றுகூட அசையவில்லை. இந்த இரண்டின் பிள்ளைகள் போதும் எனக்கு என்று முடிவெடுத்தேன். மதினிக்கு அந்த நாட்கள் பெரிய சோதனை. காலி இடத்தைப் பார்த்தபடி கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். "கை துறுதுறுங்குது தாயி" என்பார். "இதுல ஒண்ணே ஒண்ணு வச்சா என்ன ஆயிரும்?"

"வச்சுத்தான் பாருங்களேன்" என்பேன். வைக்க மாட்டார். எங்களுக்குள் அது ஒரு விளையாட்டாகவே ஆகிவிட்டது.

தை பிறந்ததும் அந்த இரண்டு தொட்டிகளின் விதையில் வளர்ந்த நாற்றைத் தட்டு தட்டாக ஏற்றிக்கொண்டு மலை இறங்கினேன். அடிவாரச் சாலையெல்லாம் பாதயாத்திரைக் கூட்டம். அக்கா தோட்டத்துக்கு வந்த நாற்றைப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"கொண்டாந்தது இம்புட்டுத்தானா? பாடு நிரப்ப என்ன செய்ய? என் தண்ணி தெரியும்ல உனக்கு? பாதிக்குப் பாதி போயிரும்."

"போகாது."

"போன தடவையும் இப்படித்தான் மேட்டுல நின்னு கத்துன."

அவள் சொன்னபடியே பாதித் தட்டுகளை நடாமல், பாடு நிரப்புவதற்கென்று கொட்டகை நிழலில் வைத்தோம். அவற்றுக்கும் அதே போர்த் தண்ணீர்தான். மற்றதை நட்டோம். மச்சான் மோட்டாரைப் போட்டார். வாய்க்காலில் வந்த தண்ணீரை விரலில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். கரித்தது. புதுப் பை இப்போது அலமாரி மேல் இல்லை, கீழே கட்டிலோரம் இருந்தது. உள்ளே துணி இருப்பது வெளியிலிருந்தே தெரிந்தது. மலைக்குத் திரும்பும்போது, "எனக்குப் போன் பண்ணாத, பண்ணுனா நல்ல சேதியா பண்ணு" என்று சொல்லிவிட்டு பஸ் ஏறினேன்.

அவள் பண்ணவில்லை. ஒரு நாள் போனது, இரண்டு நாள் போனது, ஒரு வாரம் போனது. சாதாரணமாக அந்த நாட்களில்தான் அவள் தோட்டத்தில் தலை சாய ஆரம்பிக்கும். நான் குடிலுக்குள் பூவைத் தொட்டு மகரந்தம் வைத்துக்கொண்டே போனைப் பார்ப்பேன், போனைப் பார்த்துக்கொண்டே பூவை முறிப்பேன். குடிலுக்குள் சிக்னல் இல்லை என்பது நினைவு வந்து மேட்டுக்கு ஓடுவேன். என் செடியில் நம்பிக்கை இல்லாமல் இல்லை. அக்கா மேல்தான் பயம். இரண்டு செடி வாடினாலே பையைத் தூக்கிவிடுகிற வீம்பு அவளுக்கு உண்டு.

தைப்பூசத்துக்கு முந்தின நாள் அழைப்பு வந்தது. மேட்டில் நின்றுதான் எடுத்தேன். பின்னால் மேளமும் அரோகரா சத்தமுமாக இருந்தது.

"ஏண்டி, ஒரு பஞ்சாயத்து" என்றாள் அக்கா.

"என்ன? செடிக்கு என்ன?"

"பாடு நிரப்பன்னு வச்சமே தட்டு, அது அம்புட்டும் அப்படியே கெடக்கு. நாத்து முத்திக்கிட்டுப் போகுது. அதை என்ன செய்யன்னு சொல்லு."

"ஏன் கெடக்கு? செத்த எடத்துல நடலையா?"

"செத்தாத்தானடி நட? ஒண்ணு ரெண்டு போச்சு. அதுவும் எலி வெட்டுனது."

நான் மேட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். கண்ணில் தண்ணீர் கொட்டியது. துடைக்கத் தோன்றவில்லை. அக்கா பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனாள்.

"நம்ம பக்கத்துக் காட்டுக்காரவுக திருப்பூர்ல இருந்து பாதயாத்திரை வந்தாக. நடந்துக்கிட்டே வந்தவுக நம்ம வரப்புல வந்து நின்னுட்டாக. எந்தத் தண்ணி பாச்சுறீகன்னு கேட்டாக. ஒங்க போரும் எங்க போரும் ஒரே தண்ணிதான்னேன். நம்பலை, வாய்க்கால்ல எடுத்துக் குடிச்சுப் பாத்தாக. இப்ப அந்த நாத்தைக் கேட்டுக்கிட்டு வாசல்ல உக்காந்திருக்காக. வீட்டுச் சாவி கையிலதான் இருக்காம். குடுக்கவா வேணாமா?"

"குடு" என்றேன். "எல்லாத்தையும் குடு. பழம் வந்தப்புறம்தான் முழுசா தெரியும்னு சொல்லிக் குடு. அக்கா, அந்தப் பை?"

"எந்தப் பை?" என்றாள். பிறகு அவளுக்கே உரிய குரலில், "இங்க தண்ணி பாயுது, மடை திருப்பணும், சோலி தலைக்கு மேல கெடக்கு. இவ பையைப் பத்திக் கேட்டுக்கிட்டு. வையிடி போனை!"